பச்சையம்மாள் கொல்லையில் இறங்கிய பலூன் பெட்டி

எண்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு. காலை ஆறேகால் மணிக்கு விழுப்புரம் பஸ் நிலையத்தில் தாம்பரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இத்தனை விடியலில் கிளம்பினால் அது கல்யாணமாக இருக்கும், இல்லை சாவாக இருக்கும் என்று கண்டக்டர் நினைத்திருப்பார். நான் போனது ஒரு பெட்டியைப் பார்க்க.

எங்கள் பள்ளி ஆயா தனக்கோடி வெள்ளிக்கிழமை மதியம் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். அவள் தங்கை பச்சையம்மாள் திண்டிவனத்துக்குக் கிழக்கே பிரம்மதேசம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்தால் பெரிது. அவள் ஒருத்தியாக நின்று ஆடியில் ஒரு ஏக்கர் புன்செய்க் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தாள்.

"டீச்சர், என் தங்கச்சி கொல்லையில செவ்வாக்கெழம வானத்துலேருந்து ஒரு பொட்டி வுழுந்துட்டுதாம். வெள்ளையா இருக்குதாம், மேல கொடை மாதிரி ஒண்ணு கட்டிக்கினு. அன்னையிலேருந்து கூலி ஆளுங்க ஒருத்தரும் கொல்லையில கால் வெக்க மாட்டேங்கிறாங்க. காய் முத்திப்போச்சி. மழை புடிச்சிக்கினா அம்மாம் காயும் மண்ணுலயே மொளச்சிப்பூடும். நீங்கதான வானத்தப் பத்தி பசங்களுக்கு நடத்துறீங்க. ஒரு நடை போய் சொல்லிட்டு வாங்களேன்."

வானத்தைப் பற்றி எட்டாம் வகுப்புக்கு ஒன்பது வருஷமாக நடத்துகிறேன். ஆனால் அது வரைக்கும் யாரும் அந்தப் பாடத்தை நம்பி என்னிடம் ஒரு வேலை சொன்னதில்லை. அவள் சொன்னதைக் கேட்டதும் அது என்ன பெட்டி என்று எனக்குப் புரிந்துவிட்டது. சென்னையில் வானிலைக்காரர்கள் தினமும் பெரிய பலூனில் ஒரு கருவியைக் கட்டி மேலே விடுவார்கள். அது ஏறிக்கொண்டே வெப்பம், ஈரம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் ரேடியோ வழியாகக் கீழே சொல்லும். உயரப் போகப் போகப் பலூன் உப்பி ஒரு கட்டத்தில் வெடிக்கும். கருவி குடையில் தொங்கிக்கொண்டு காற்று தள்ளிய ஊரில் இறங்கும். இதைச் சொன்னால் போதும், ஆட்கள் கொல்லையில் இறங்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன். அசட்டு நினைப்பு.

திண்டிவனத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய். பக்கத்தில் விக்கிரவாண்டிக்காரர் ஒருவர் காலடியில் வெங்காய மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழக்கே மூட்டமாக இருந்தது.

"கிளைமேட்டே சரியில்லிங்க" என்றார். "நேத்து வெயிலு மண்டைய பொளந்துச்சி. இன்னைக்குப் பாருங்க."

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "அது கிளைமேட் இல்லிங்க. நேத்து வெயில், இன்னைக்கு மூட்டம், இதெல்லாம் வானிலை. கிளைமேட்னா காலநிலை. முப்பது வருஷம் பார்த்து, இந்த ஊர் இப்படித்தான்னு சொல்றது."

"ரெண்டும் ஒண்ணுதானங்க?"

"எனக்கு இப்ப கோபம் வருது. அது வானிலை. எனக்கு அடிக்கடி கோபம் வரும்ங்கிறது என் சுபாவம். அதுதான் காலநிலை. ஒரு நாள் கோபத்தை வெச்சு சுபாவத்தைச் சொல்ல முடியுமா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லலாங்க" என்றார். முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஆகாயத்தை இதன்மேல் படுக்கப்போட்டுப் பார்ப்பது என் வழக்கம். விழுப்புரம் தரை, சாலையில் போகிற தூரம்தான் உயரம் என்று வைத்துக்கொண்டால், நாம் மூச்சு விடுகிற காற்றில் பெரும்பகுதியும், மேகம், மழை, இடி, புயல் எல்லாமும் விக்கிரவாண்டி தாண்டிச் சற்று தூரத்திலேயே முடிந்துபோகும். நம் பக்கத்தில் கீழடுக்கின் உயரம் பதினாறு பதினேழு கிலோமீட்டர்தான். அதன் உச்சியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. அதற்கு மேல் படுகையடுக்கு. கூட்டேரிப்பட்டு வருகிற தூரத்தில் ஓசோன் இருக்கிறது. சூரியனின் கெட்ட கதிர்களை அது வாங்கிக்கொள்வதால் அங்கே மேலே போகப் போகச் சூடு ஏறும். திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் அந்தப் பலூன் வெடித்திருக்கும். இடையடுக்கு மதுராந்தகம் வரைக்கும். அப்புறம் சென்னையையும் தாண்டிப் போவது வெப்ப அடுக்கு. மூன்று ரூபாய் டிக்கெட்டில் நான் மழைக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டியில் வெங்காயக்காரர் மூட்டையோடு இறங்கி, மேகத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு நடந்தார்.

திண்டிவனத்தில் இறங்கியபோது ஏழரை. ஒரு டீயைக் குடித்துவிட்டு டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, செம்மண் வண்டிப்பாதையில் நடந்து கொல்லைக்குப் போய்ச் சேர ஒன்பது ஆகிவிட்டது. வேப்பமரத்தடியில் பதினைந்து பெண்கள், நான் என்ன சொல்கிறேன் பார்ப்போம் என்று, களைக்கொட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையின் மேற்கு ஓரத்தில் ஒருத்தி மட்டும் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் பச்சையம்மாள். மூன்று நாளாகத் தனியாகப் பிடுங்குகிறாளாம். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தன. கொல்லைக்கு நடுவில், சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு, அதற்குள் செருப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் சிவப்புக் குடைத்துணியும் கிழிந்த ரப்பரும்.

நான் பலூன் கதையை மரத்தடியில் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூலி ஆட்களைக் கூட்டி வருகிறவள் எலிசா, நாற்பது வயது இருக்கும். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"டீச்சரம்மா, நாங்க கெணத்து வேலைக்கும் போறவங்க. பாறைக்கு வெடி வெச்சி அது வெடிக்காம நின்னுபோச்சின்னா கிட்டப் போவ மாட்டோம். தூரக்க நின்னு தண்ணி ஊத்தி ஊற வெப்போம். இதுக்கும் அதான் செஞ்சோம். காலைல சாயந்திரம் ரெண்டு கொடம், முள்ளுக்கு வெளிய நின்னு வீசி ஊத்திட்டு ஓடியாந்துடுவோம். தண்ணி பட்டா செத்துப்போவணும்ல? இது உஸ்ஸுன்னு சீறுது. ஆவி வருது. முந்தாநாளு ஒரு பெரிய மனுசன் வந்து ஒண்ணும் ஆவாதுன்னாரு. வரப்பு மேல நின்னுக்கினே சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏதாச்சும் ஒண்ணு ஆனா எங்கள யாரு கேப்பாங்க?"

அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பாடத்தில் சீறுகிற பெட்டி கிடையாது.

"வானத்தப் பத்திப் படிச்சவங்கன்னு பச்சையம்மா சொல்லிச்சி. சரி, இன்னைக்கு மழை வருமா? அத சொல்லுங்க" என்றாள் எலிசா.

"ஐப்பசி மழை இந்தச் சீமைக்கு உண்டு" என்றேன்.

"அது எங்க ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். இன்னைக்கு வருமா?"

"தெரியாது. ரேடியோவில் ஒரு சில இடங்களில்னு சொன்னாங்க. இந்தக் கொல்லை அந்த ஒரு சில இடத்துல சேர்த்தியான்னு அவங்களுக்கும் தெரியாது."

"பொட்டி வெடிக்குமா?"

"வெடிக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா சீறுதுங்கிறீங்க. பக்கத்துல போய்ப் பார்த்தாதான் சொல்ல முடியும். பார்த்துட்டு வந்து சொல்றேன்."

எலிசா மற்றவர்களைப் பார்த்தாள். "இதுக்கு மின்ன வந்தவரு எல்லாந் தெரியும்னாரு. இந்தம்மாதான் தெரியாதுங்குது" என்றாள். அதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். முள்ளைத் தாண்டியதும் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் பெட்டியின் வயிற்றில் நுரைத்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாத வாடை. நான் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டேன், வெட்கப்பட நேரமில்லை. மேற்கு ஓரத்தில் பச்சையம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து செடியைப் பிடுங்கினாள். அதைப் பார்த்த பிறகு திரும்பிப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஒரு குச்சியால் பெட்டியைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது. ஆபத்தில்லாத வானிலைக் கருவி, எடுத்தவர் திருப்பி அனுப்பவும் என்று ஒரு பக்கம். பேட்டரியின்மேல் இன்னொரு சீட்டு: பறக்க விடும் முன் தண்ணீரில் நனைக்கவும். படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பேட்டரிக்கு உயிர் கொடுப்பதே தண்ணீர்தான். அதைச் சாகடிப்பதாக நினைத்து ஐந்து நாளாகக் காலையும் மாலையும் இவர்கள் அதை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியைத் தனியாகக் கழற்றிக் காய்ந்த மண்ணில் போட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து, நடந்ததைச் சொன்னேன். எலிசா பெட்டியைத் தொடவில்லை.

"நீங்க தொட்டுட்டு பஸ் ஏறிப் போயிடுவீங்க. நாங்க பொழுதுக்கும் அந்த எடத்துல குந்திக்கினு இருக்கணும்" என்றாள்.

நியாயமான பேச்சு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, பெட்டி கிடந்த அதே ஈரத்தில் உட்கார்ந்தேன். பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செடியைப் பிடுங்க ஆரம்பித்தேன். முதல் செடியில் காய் பாதி மண்ணிலேயே அறுந்து நின்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு செடி ஆகியிருக்கும், பின்னால் களைக்கொட்டு மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"அப்பிடி இழுக்காதீங்க. அடிய கெல்லிட்டு இழுங்க" என்றாள் எலிசா. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பதினைந்து பேரும் வரிசை கட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று இருக்கவில்லை. கேப்பைக் கூழை நின்றபடியே குடித்தோம். கிழக்கே மூட்டம் கறுத்து, குளிர்ந்த காற்று வரத் தொடங்கியதும் எல்லார் கையும் இன்னும் வேகமாக ஓடியது. பச்சையம்மாள் மட்டும் ஓட்டமாக ஓடிச் செடிக்கட்டுகளை வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் சுமந்தாள். கொப்பளம் உடைந்து கயிற்றில் ரத்தம் பட்டிருந்தது. நான் வாங்கிச் சுமக்கிறேன் என்றதற்கு, "நீங்க குந்துங்க டீச்சர்" என்று அதட்டினாள். நாலரை மணிக்குக் கடைசி நாலு சால் செடி பாக்கி இருந்தபோது மழை இறங்கியது. எலிசா ஒருவரையும் எழுந்திருக்க விடவில்லை. அந்த நாலு சாலையும் கொட்டுகிற மழையில் பிடுங்கி, கட்டி, கூரைக்குள் கொண்டுபோய்ப் போட்டோம்.

கொட்டகையில் உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். இருட்டுமுன் நான் கிளம்பியபோது எலிசா என் பங்குக் கூலிக்காயை அளந்து துணியில் கட்டிக் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட இல்லை. நான் செய்த வேலைக்கு அது சரியான அளவுதான். பச்சையம்மாள் வண்டிப்பாதை வரைக்கும் வந்தாள். திருப்பி அனுப்ப நான் எடுத்துப்போகும் பெட்டி நனையாதபடி அதன்மேல் உரச்சாக்கைப் போர்த்திவிட்டாள்.

திண்டிவனம் வரைக்கும் நல்ல மழை. கூட்டேரிப்பட்டில் தூறல். விக்கிரவாண்டி தாண்டியதும் சாலை காய்ந்து கிடந்தது. இரவு எட்டரைக்கு விழுப்புரத்தில் இறங்கினால் காலையில் விட்டுப்போன புழுதி அப்படியே இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

பஸ் நிலையத் தூணருகே தனக்கோடி காத்திருந்தாள். மத்தியானத்திலிருந்தே நிற்கிறாளாம். ஓடி வந்தவள், என் புடவை நனைந்து ஒட்டியிருப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மழை புடிச்சிக்கிச்சா டீச்சர்?"

நான் துணி மூட்டையை அவள் மடியில் வைத்து அவிழ்த்தேன். அவள் ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து, பருப்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முளை கண்டிருக்கிறதா என்று பார்த்தாள். இன்னொன்றை உடைத்துப் பார்த்தாள். "அம்மாம் காயும் வூட்டுக்குள்ள வந்துட்டுது தனக்கோடி" என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். மூன்றாவதை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள்.