மூன்றாவதாக வந்த பெயர்

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்யாணத்துக்கு முன்பு வலங்கைமானில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவள் வேறு. நீங்கள் நம்பினால் நம்புங்கள், ஆனால் நடந்தது இதுதான்.

அப்போது எனக்கு நிறைமாதம். கணவர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். தினமும் மெயில் போடுகிறவரிடமிருந்து சில நாட்களாகப் போனும் இல்லை, மெயிலும் இல்லை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. டெலிபோன் லைன் மாடியில், நாத்தனார் ஆயிஷாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. மாமி என்னைப் படியேற விடவில்லை. அதனால் ஒரே ஒரு கேபிளை இழுத்து அதையும் கீழே என் அறைக் கம்ப்யூட்டரையும் நேராகச் சேர்த்திருந்தோம், மெயில் வந்தால் நான் கீழேயே படிக்கலாம் என்று. ஒரு நாள் மதியம் பார்த்தால், இணைந்திருக்கும் கம்ப்யூட்டர்களின் பெயர்கள் திரையில் வருமே, அந்தப் பட்டியலில் அவளுடையது இல்லவே இல்லை.

"மதினி, இப்ப தெரியுதா?" மாடியிலிருந்து கத்தினாள்.

"என்னுது மட்டுந்தான் தெரியுது. குரூப் பேரை நான் சொன்ன மாதிரி மாத்திட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

செய்தாள். அவள் பெயர் வந்தது. கூடவே இன்னொரு பெயரும் வந்தது, ருஷ்தா. எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒருத்தி கிடையாது. ஒரு கேபிளுக்கு இரண்டு முனைதானே, மூன்றாவது கம்ப்யூட்டர் எங்கே நுழையும்?

"மதினி, இங்கயும் ருஷ்தான்னு வருது. யாரு அது?" அவள் குரலே மாறியிருந்தது.

கிளிக் செய்தால் திறக்கவில்லை. மறைந்தது, வந்தது, மறுபடி மறைந்தது. கட்டிலுக்கு அடியில் அவர் கார்கோவில் அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர், பெட்டி பிரிக்காமல் கிடந்தது. சபுருக்கு, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவன் வந்துதான் பெட்டி பிரிக்கணும் என்பது மாமியின் சட்டம். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து தொட்டேன். அட்டை சூடாக இருந்தது.

மாடியில் போன் அடித்தது. அவருடைய அறைத் தோழர். ஆயிஷா அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

"அண்ணன் சாரத்திலேருந்து விழுந்துட்டாங்களாம். நினைவில்லாம கெடந்து, இப்பத்தான் கண்ணு முழிச்சாங்களாம்."

திரும்பிப் பார்த்தேன். பட்டியலில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன.

சில வாரங்கள் கழித்துப் பெண் பிறந்தாள். எங்கள் வீட்டில் ஏழாம் நாள் பிள்ளையைப் பெற்ற அத்தாதான் பெயர் வைப்பார், அதுவரை அதை யாரிடமும் சொல்ல மாட்டார். ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தவரிடம் ஆயிஷாவும் நானும் எதையும் சொல்லவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ருஷ்தா" என்றார். ஆயிஷா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப யோசிச்சீங்க மச்சான்?" என்று அவரிடம் கேட்டேன்.

"நான் எங்க யோசிச்சேன்? மயங்கிக் கெடந்தப்ப ஒரு சின்னப் பொண்ணு, 'அத்தா, நான் தெரியுறேனா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரும்மா நீன்னேன். பேரைச் சொன்னுச்சு."

அன்றைக்கே பெட்டியைப் பிரித்தோம். கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க்கே இல்லை, ஒரு பெயரைக்கூட அதில் பதிந்து வைத்திருக்க முடியாது. இங்கே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று அப்படியே அனுப்பியிருந்தார்.

ருஷ்தா இப்போது காலேஜில் படிக்கிறாள். மாடியில் டிவி ஒயரைச் சரிசெய்துவிட்டு, "அம்மா, இப்ப தெரியுதா?" என்று கத்துவாள். நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் போய், அவள் அத்தா எங்கே இருக்கிறார், நல்லபடியாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவேன்.