தெளியாத ஒரு பெயர்

தம்பி இறந்த மறுநாள், கண்ணீர் அஞ்சலி வீடியோ செய்யப் பென்னாகரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். எடிட்டருக்கு நாற்பது வயதிருக்கும். சவரம் காணாத முகம், சட்டைப் பையில் இரண்டு பென்டிரைவ். தம்பியின் பெயரை டைப் அடித்து, முதலில் மங்கலாக்கி, இரண்டே விநாடியில் பளிச்சென்று தெளிய வைத்தார்.

"எல்லாருக்கும் இப்படித்தாங்க வெப்பேன். பேரு சரிங்களா?"

தலையாட்டினேன். அவர் அந்த ஃபைலை மூடியதும் பின்னால் இன்னொன்று திறந்திருந்தது. கறுப்புத் திரையில், படிக்கவே முடியாதபடி மங்கிய ஒரு பெயர்.

"இது யாருதுங்க?"

"எம் பொண்ணுதுங்க. போன வருசம் செஞ்சது. தெனம் தொறந்து வெக்கறேன், தெளிய வெக்கத்தான் கை வரமாட்டேங்குது."

தம்பியின் வீடியோவை ஊரே ஸ்டேட்டஸில் வைத்தது. நான் மட்டும், பார்க்கும்போதெல்லாம், பெயர் தெளியும் அந்த இரண்டாவது விநாடிக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன்.