சகாயராஜின் கார்டு பெட்டி

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை இறுக மூடி, தான் செய்த, விரல் நீளமே உள்ள அந்தப் பொம்மை ரயில் பெட்டியைப் பார்க்கிறார் சகாயராஜ். "ம்ஹூம். பொய் சொல்லுது சார்" என்று ஜன்னலோரம் தள்ளிவைக்கிறார். அங்கே ஏற்கெனவே நான்கு பெட்டிகள் தண்டனை அனுபவிக்கின்றன.

திண்டுக்கல் நாகல் நகரில் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பல் ராவும் அதே அரத்தால் ராவி, 1968-ஆம் வருடத்துப் பழனி ரயில் பாதையை மாடி அறை மேசையில் பொம்மையாகப் போட்டிருக்கிறார். கரி இன்ஜினும் பன்னிரண்டு சரக்குப் பெட்டிகளும் மூன்று வருடமாகத் தயார். ஆனால் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. "கடைசில, கொடி காட்டுற கார்டு நிக்கிற பெட்டி இல்லாம சரக்கு வண்டிய எவன் சார் விடுவான்?" பொம்மைக்கும் ரயில்வே விதியா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடத்துக் கார்டு பெட்டியின் புகைப்படத்தைப் பார்க்காமல், தான் செய்த எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். மனைவி ஜெயமேரியின் அப்பா அந்த வருடம் அதே பாதையில் கார்டாக ஓடியவர்; மறு வருடம், மகளுக்கு ஏழு வயதாகும்போது இறந்துவிட்டார். "ஒட்டன்சத்திரம் ரயில்வே கேட்டுல நிப்பேன். அப்பா கடைசிப் பெட்டியோட திறந்த வராண்டாவுல நின்னு, சிரிச்சுக்கிட்டே பச்சைக் கொடி ஆட்டுவாரு" என்பார் ஜெயமேரி. அப்பா என்று அவரிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அவர் சொன்னபடி செய்த வராண்டா பெட்டியும் ஜன்னலோரம்தான் கிடக்கிறது. "ஆறு வயசுப் பிள்ள ஞாபகமெல்லாம் சாட்சியா சார்?" எனக்குக் கோபமே வந்தது.

அன்று நான் இருக்கும்போதே பழனியிலிருந்து கூரியர் வந்தது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் நாசர் தேடி அனுப்பிய பழைய புகைப்படம். பின்னால் 1968 என்று எழுதியிருந்தது. கார்டு பெட்டி நாலு பக்கமும் அடைப்பு. வராண்டா கிடையாது. சின்ன ஜன்னல் வழியே, கொடி பிடித்த ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது.

மூன்று வருடத் தேடல் முடிந்தது, துள்ளுவார் என்று நினைத்தேன். அவர் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள நிக்கிற கார்டு மொகமே வெளிய தெரியாது போலயே சார்" என்றார் மெதுவாக.

படியில் காலடி கேட்டது. சட்டென்று படத்தைக் கவிழ்த்து, பல் அச்சு எடுக்கும் மாவுக் கிண்ணத்தை அதன் மேல் வைத்தார்.

காபியோடு வந்த ஜெயமேரி, "ஏங்க, படம் வந்துருச்சாமே? வராண்டா இருக்கா?" என்றார்.

"இருக்கு ஜெயா. நீ சொன்னதுதேன் சரி."

"காட்டுங்க, பாப்போம்."

"படம் எங்க போகப் போகுது? மொதல்ல வண்டியப் பாரு."

ஜன்னலோரத்திலிருந்து வராண்டா பெட்டியை எடுத்துத் துடைத்தார். இந்த முறை ஒரு கண்ணை மூடி அளக்கவில்லை. கடைசிப் பெட்டியாக மாட்டிவிட்டு, மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சுவிட்சைப் போட்டார்.