காலியாக விட்ட வாசல்

விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்பினேன். பேரன் பார்த்துக்கொண்டிருந்த டிவியில், ஒரு பெண் திரையோரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மீதித் திரை முழுக்கத் திறந்த வாசல். சட்டென்று விளக்குப் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

அப்பா பர்மாவுக்குப் பிழைக்கப் போய், சண்டை வந்து, கடுதாசி நின்றுபோன காலம். வீரபாண்டித் திருவிழாவில் மாரியாத்தாளைக் கும்பிட்ட கையோடு, அம்மா என்னை டெண்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். அந்தப் படத்திலும் இதே மாதிரி ஓரத்தில் ஒருத்தி, பக்கத்தில் பெரிய வெறும் வாசல். யாரும் வரவில்லை. கொட்டகையே மூச்சடக்கிக் கிடந்தது.

"பாருடி, அம்புட்டு எடத்தையும் சும்மாவா விட்டிருப்பாக? அவ புருசன் வரப் போறாக" என்றாள் அம்மா.

"ஏ ஆத்தா, நீதான் படம் பிடிச்சியாக்கும்? பேசாமப் பாரு" என்றாள் பின்னாலிருந்தவள்.

வாசலில் நிழல் விழுந்தது. புருசன்தான். அம்மா கைகூப்பி அழுதாள்.

அன்றிலிருந்து வீட்டில் அம்மா சுவரோரம் ஒதுங்கியே உட்காருவாள். நான் வாசலில் நின்றால், "அங்கன மறைக்காத தாயி, ஒங்கப்பா வர்ற எடம்" என்பாள்.

அம்மா செத்த அன்றைக்கு, அதே சுவரோரம்தான் அவளைக் கிடத்தினோம். ஊரே வாசலை அடைத்து நின்றது. "வெலகிக்கிருங்க, அப்பா வருவாக" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். அப்பா வரவேயில்லை.

"அப்பத்தா, ஆள் வந்துட்டாரு, பாரு!" என்று பேரன் கூப்பிட்டான். என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.