காற்று ஆகாத டிரம்

நீங்கள் காயலான்காரரிடம் தள்ளிவிடுகிற பழைய டிவி, கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் ஓடெல்லாம் கடைசியில் எங்கள் கைக்குத்தான் வருகிறது. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டுக் குடோன் ஒன்றில் நான் பிளாஸ்டிக் பிரிக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல், வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது பேசிப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் என் கதை உங்களுக்குப் புரியும்.

லைட்டர் பரீட்சை

ஓட்டின் ஓரத்தில் லைட்டரைக் காட்டுவோம். விடாமல் பற்றி எரிந்தால் சாதா பிளாஸ்டிக். லைட்டரை எடுத்ததும் அணைந்தால் அதில் தீப்பிடிக்காத மருந்து கலந்திருக்கிறது. அந்த மருந்து விஷம். அதை உருக்கி டப்பாவோ பொம்மையோ செய்தால் விஷமும் கூடவே போகும். அதனால் அது தனிக் குவியல். வாங்க ஆள் இல்லை.

பனமலையிலிருந்து ஒரு பெரியவர் மொபெட்டில் டிவி ஓடு கட்டிக்கொண்டு வந்தார். லைட்டரைக் காட்டி எடுத்தேன், தீ பொசுக்கென்று அணைந்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஓட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எரியாதது கெட்டது, எரியிறது நல்லதா? உங்க குடோன்ல எல்லாமே தலைகீழா இருக்குதேம்மா!"

அக்காவின் பிள்ளைகள்

அந்தக் கழித்த குவியலுக்கு வழி தேடித்தான் ஒரு காலேஜ் மேடம் வந்தார். ஓட்டை மாவாக அரைத்து, ஏரிச் சேற்றோடு இரண்டு நீல டிரம்மில் போட்டு இறுக்கி மூடினார். சேற்றிலிருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த மருந்தை உடைக்குமாம். விஷம் போய்விட்டால் பிளாஸ்டிக்கைத் திரும்ப உருக்கலாமாம். ஆகுமா ஆகாதா என்று பார்க்கிற சோதனைதான்.

டிரம் பொறுப்பு பர்வீன் அக்காவுக்கு. அதுவரை வாசல் வெயிலில் உட்கார்ந்து ஒயர் உரித்தவர், முதல் முறையாக நிழலுக்கு வந்தார். குழாய் வழியாக வெல்லத் தண்ணீர் ஊட்டுவார். மூடியிலிருந்து ஒரு டியூப் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். அதில் குமிழ் வந்தால் கிருமி உயிரோடு இருக்கிறது. ஆனால் முட்டை அழுகின நாற்றம். இரும்பு பிரிக்கிற அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனால் அக்கா விடமாட்டார். "மூக்க மூடாத நைனா, உன் சட்டைய விட என் புள்ளைங்க வாசனையாத்தான் இருக்குதுங்க!"

மூச்சு

மேடம் சொன்னது இரண்டே பேச்சு. உள்ளே உயிர் இருக்கிறது, மூடியைத் திறக்காதீர்கள். ஏன் திறக்கக் கூடாது என்று கேட்க எனக்குக் கூச்சம். ஈ மொய்க்கும் என்பதற்காக என்று நானே நினைத்துக்கொண்டேன்.

என் பையனுக்கு இழுப்பு உண்டு. நெஞ்சு கட்டினால் ஜன்னலைத் திறந்துவிட்டு மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வேன். ஒரு நாள் இரண்டாவது டிரம்மில் குமிழ் குறைந்திருந்தது. அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. அக்கா சாப்பிடப் போன நேரம், மூடியைத் தளர்த்தி, கொஞ்சம் காற்று விட்டு மூடினேன். நாலு நாள் அப்படிச் செய்தேன். ஐந்தாம் நாள் குமிழே இல்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வந்து பார்த்தார். காற்று பட்டிருக்கிறது, இந்தக் கிருமிக்குக் காற்றுதான் எமன், மாதக்கணக்கில் வளர்த்தது போச்சு என்றார். முதலாளி அக்காவைப் பார்த்தார். "அல்லா மேல சத்தியமா நான் தொறக்கல சார்" என்று அக்கா அழுதார். நான் அவருக்குப் பின்னாலேயே துடைப்பத்தோடு நின்றேன். நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். முதலாளி தீர்ப்புச் சொன்னார்: "நீ ஒயருக்கே போம்மா. டிரம்ம இந்தப் பொண்ணு பார்த்துக்கட்டும், அது வாயே தொறக்காது."

நல்ல பேர்

மேடம் புதுச் சேறு போட்டுக் கொடுத்தார். இந்த முறை நான் மூடிப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. இரண்டு பாட்டிலிலும் குமிழ் கொப்புளித்தது. சில மாதம் கழித்து மாதிரி எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, மருந்து குறைந்திருக்கிறது என்று சந்தோஷமாக வந்தார். எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். வாசலில் ஒயர் உரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்: "பார்த்தீங்களா, கவனமா இருந்தா எவ்வளவு நல்லா வருது!"

சொன்னேன்

மறுநாள் மோர் பாட்டிலை நீட்டிக்கொண்டே அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒயர் உரிக்கிற கத்தி நின்றது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மோரை வாங்கவில்லை. "என் காதுல சொல்லி இன்னாடி ஆவப்போவுது? நான் தொறக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

மேடம் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார், நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்து, "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்று கேட்டு மூடிக்கொள்கிறேன்.