குழி இல்லாத வரிசை

மக்காச்சோளத்துக்கு உரம் வைக்க எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேண்டும். செடியிலிருந்து நாலு விரல் தள்ளி, கம்பால் குழி குத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் முன்னால் போவார். நான் பின்னால் யூரியாவைப் போட்டுக் காலால் மூடுவேன். மேலாக வீசுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது; பாதி உரம் காற்றோடு போய்விடும், மண்ணுக்கு என்ன மிஞ்சும் என்பார்.

அவருடைய கருமாதிக் காரியம் முடிந்த மறுநாள், உரம் வைக்க எலப்புள்ளியில் இருக்கும் எங்கள் சோளக்காட்டுக்குத் தனியாகப் போனேன். அழுகை வரவில்லை. ஒரு வரிசையை முடித்தேன்.

வரப்பில் நின்ற பக்கத்துக் காட்டுப் பெண் கேட்டாள்: "ஏனுங்கக்கா, குழியே குத்தாம போட்டுட்டு வர்றீங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு செடிக்கும் நாலு விரல் தள்ளி, மண்ணின் மேல் யூரியா வெள்ளையாகக் கிடந்தது.

"அவுரு முன்னால போயிட்டாரு கண்ணு" என்றேன்.