மலை மேல் ஒரு மதியத் தூக்கம்

விஸ்கியில் ருசியே இல்லையாம். அதனால்தான் இன்னொன்று ஊற்றிக்கொண்டாராம். என் கணவரின் உயிர் ஊசலாடிய கதை இந்தச் சப்பைக் காரணத்தில்தான் தொடங்கியது.

அன்னூரில் எங்களுக்குத் தறிப்பட்டறை இருக்கிறது. சென்ற வருடம் அவரும், எங்களைப்போலவே தறிப்பட்டறை வைத்திருக்கும் மூன்று சிநேகிதர்களும் லடாக் பார்க்கக் கிளம்பினார்கள். கோவையிலிருந்து டெல்லி, மறுநாள் காலை அங்கிருந்து லே. முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும், மதுவைத் தொடவே கூடாது என்று எங்கள் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் சிரித்தார். "மாசத்துக்கு ஒருக்கா ஊட்டி போறவனுக்கு மலையப் பத்திப் பாடம் எடுக்கறாரு பாரு அம்மணி."

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது ஒரு வியாதி. மேட்டுப்பாளையம் தாண்டி நாலு கொண்டை ஊசி வளைவு ஏறினாலே இமயமலையை அளந்துவிட்ட நினைப்பு. லே ஊட்டியைப்போல ஒன்றரை மடங்கு உயரம் என்று நானும் சொன்னேன். யார் காதில் ஏறியது?

அவர்கள் போய் இறங்கிய அன்று மதியம் இரண்டரை மணிக்கு வீடியோ கால் வந்தது. நால்வரில் இளையவர், நான் தம்பி என்று கூப்பிடுபவர், விடுதி ஜன்னல் வழியாகப் பனிமலையைக் காட்டினார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"சரக்குதானுங்கக்கா சப்புனு இருக்குது. மூணு ரவுண்டு போட்டும் பச்சத் தண்ணி மாதிரி இருக்குதுன்னு அண்ணன் சொன்னாருங்க."

"அவரு எங்க தம்பி?"

"ஜம்முனு தூங்கறாருங்க. ஒண்ணுமில்லீங்க."

அவரைக் காட்டச் சொன்னேன். தம்பி பூனை நடை நடந்து அறைக்குள் போனார். என் கணவர் மல்லாந்து வாயைத் திறந்து படுத்திருந்தார். மூச்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. பிறகு சின்னதாகிக்கொண்டே வந்து, நின்றுவிட்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினைந்து வரை எண்ணிய பிறகு ஒரு பெரிய விக்கலோடு திரும்ப இழுத்தார். மறுபடி நின்றது. இந்த முறை பதினெட்டு. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது.

"தம்பி, அவர எழுப்புங்க."

"இப்பத்தான் கண்ணசந்தாருங்க. எழுப்புனா சத்தம் போடுவாருங்க."

"தலவலின்னு சொன்னாரா? வாந்தி எடுத்தாரா?"

"ரெண்டும் இருந்துச்சுங்க. நடக்கறப்பக் கொஞ்சம் தள்ளாடுனாரு. போதைதானுங்கக்கா."

அங்கேதான் நான் உண்மையாகவே பயந்தேன். காற்று போதாமல் ஒருவர் தள்ளாடினாலும், குடித்துத் தள்ளாடினாலும் பார்வைக்கு ஒன்றுதான். குடித்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு வேறு எதையும் யாரும் யோசிக்கப்போவதில்லை. அந்த உயரத்தில் மூக்கு வறண்டு மணம் ஏறாது, அதனால் ருசி மங்கும் என்றும், குடித்துத் தூங்குபவரின் உடம்பு மூச்சை இழுக்கவே சோம்பல்படும் என்றும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது அந்தப் பதினெட்டு மட்டும்தான்.

மற்ற இருவரும் வாசற்படியிலேயே நின்றார்கள். பட்டறையில் ஆளை விரட்டி வேலை வாங்குகிறவர்கள், தூங்குகிற அண்ணனைத் தொட்டு எழுப்பத் தயங்கினார்கள். வயதில் மூத்தவரை அப்படி எழுப்பிப் பழக்கமில்லை.

"மரியாதையத் தூக்கிக் குப்பைல போடுங்க! கன்னத்துல அறைஞ்சு எழுப்புங்க! எந்திரிக்கலீன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

என் சத்தத்தில் தம்பி அவரைப் பிடித்து உலுக்கினார். கண் பாதி திறந்தது, யாரையும் பார்க்காமல் மூடிக்கொண்டது. தம்பியின் முகம் வெளுத்துப்போனது. அதோடு லைன் அறுந்துவிட்டது.

நால்வருக்கும் மாறி மாறிப் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காமல் போய்விடுமோ என்று பட்டறைக்கு ஓடி எல்லாத் தறியையும் நிறுத்தச் சொன்னேன். அவர் செத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

தறி நின்றதும் கூடத்தில் படுத்திருந்த மாமியார் விழித்துக்கொண்டார். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

"என்ன கண்ணு, தறியெல்லாம் நின்னுபோச்சு? அவன் பேசுனானா?"

"பேசுனாருங்க அத்தை. ஒண்ணுமில்லீங்க. ஜம்முனு தூங்கறாருங்க."

"தூங்கட்டும், அலுப்பு இருக்குமில்ல" என்று அவர் டீ கேட்டார். நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்கி வழிந்தது. மிச்சம் இருந்ததில் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மூன்றேகாலுக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தூங்கவிட்டிருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். பிறகு என் கணவரே பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மணி... அம்மாகிட்ட எதாச்சும் சொல்லிப்போட்டியா?"

"இல்லீங்க. தூங்கறீங்கன்னு சொன்னேன்."

"நல்லவேளை" என்றார்.

அவரிடமிருந்து போனை வாங்கிய தம்பி அழுதுகொண்டிருந்தார். "மன்னிச்சுப்போடுங்கக்கா. நீங்க பயந்துக்குவீங்கன்னுதானுங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்."

தம்பியைத் திட்டுவதற்கு முக்கால் மணி நேரமாக வாய் நிறைய வைத்திருந்தேன். எதிரே அத்தை டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன்.